பச்சைச் சாந்தில் வரைந்தால்தான் ஃப்ரெஸ்கோ

பழைய சுவரில் படத்தைக் கண்டதும் ‘ஃப்ரெஸ்கோ’ என்று எழுதிவிடுகிறார்கள். அஜந்தாவுக்கும் அதே பெயர்தான். ஆனால் அங்கே காய்ந்த மண்பூச்சின் மேல் பசை கலந்த வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அது ஃப்ரெஸ்கோ ஆகாது. இத்தாலியச் சொல்லான ஃப்ரெஸ்கோவுக்கு ‘பச்சை’ என்றே பொருள் சொல்லலாம். நிறமல்ல; சுடாத மண்பாண்டத்தைப் பசுமட்கலம் என்கிறோமே, அந்தப் பச்சை, ஈரம் காயாதது.

சுவரில் முதலில் பருமணலும் சுண்ணாம்பும் கலந்த சொரசொரப்பான பூச்சு, அரிச்சோ. அதன்மேல் செம்மண் நிறத்தில் சினோபியா என்னும் முன்வரைவு. பிறகு, மாதக்கணக்கில் நீரில் ஊறிய சுண்ணாம்பில் செய்த மெல்லிய மேல்பூச்சு, இன்டோனாக்கோ. அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவு இடத்துக்கு மட்டுமே இதைப் பூசுவார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் ஜோர்னாட்டா, ஒரு நாள் வேலை.

வண்ணத்தை வெறும் தண்ணீரில்தான் குழைப்பார்கள், பசையே கிடையாது. பூச்சு காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகிறது; நிறம் அதற்குள் சிறைப்படுகிறது. அவசரப்பட்டால் தூரிகையோடு சாந்தும் பெயர்ந்து வரும். தாமதித்தால் நிறம் ஒட்டாமல் பின்னால் பொடியாக உதிரும். மாலையில் மிஞ்சிய பூச்சை விளிம்பு சாய்வாகச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். பக்கவாட்டில் விளக்கடித்தால் அந்த ஒட்டுகள் தெரியும். எந்தத் துண்டு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தே வரைந்த வரிசையைச் சொல்லிவிடலாம். வத்திக்கானில் மைக்கலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் ஆதாமின் உருவத்துக்கு மட்டும் நான்கு நாள் வேலை.

எல்லா நிறமும் சுண்ணாம்பின் காரத்துக்குத் தாங்காது. அசுரைட் என்னும் செப்புக் கனிமத்தின் நீலத்தைக் காய்ந்த பிறகு பசையோடு தீட்டுவதுதான் வழக்கம். அந்த முறை செக்கோ. இத்தாலியின் பதுவா நகரில் 1305 வாக்கில் ஓவியர் ஜோத்தோ வரைந்த சிற்றாலயத்தில் மரியாளின் நீல ஆடை பல இடங்களில் உரிந்து போனது இதனால்தான். அசிசி நகரத் தேவாலயத்தில் ஓவியர் சிமாபுவே பயன்படுத்திய ஈய வெள்ளை கறுத்துப்போய், சிலுவைக் காட்சி இன்று புகைப்பட நெகட்டிவ் போல நிற்கிறது. லியொனார்டோவோ பொறுமையாகத் திருத்தித் திருத்தி வரைய ஆசைப்பட்டு, மிலானில் ‘இறுதி இராவுணவை’க் (1495–98) காய்ந்த சுவரிலேயே தீட்டினார். அவர் காலத்திலேயே அது பொருக்குவிட ஆரம்பித்துவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டையும் காணலாம். 1931-இல் நாயக்கர் காலப் படங்களுக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பில் வரைந்தது; மேலே இருந்தது காய்ந்த பூச்சில் தீட்டியது.