சொந்தமாகக் கட்டிய விமானத்தை முதலில் ஓட்டுவதற்கு முன்

கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டுகிற சிறு விமானம், கட்டுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நேரமும் பணமும் பட்டறைக்கே போய்விடும். விமானம் தயாராகும்போது ஓட்டுகிறவரின் கை துருப்பிடித்திருக்கும். எனக்கும் அதே நிலைமைதான். உரிமம் இருந்தது, மொத்த மணிநேரமும் குறைவில்லை. ஆனால் பெரும்பகுதி செஸ்னா 172 என்கிற சாதுவான முன்சக்கரச் சிறு விமானத்தில் சேர்த்த பழைய கணக்கு.

வீட்டில் கட்டிய விமானங்களின் சோதனைக்கென்றே அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ ஒரு கையேடு போட்டிருக்கிறது. பலரும் கட்டிப் பறந்து பார்த்த வடிவமைப்பு என்றால் தனியாகப் பறந்த அனுபவம் 100 மணிநேரம், இதுவரை யாரும் கட்டாததோ அதிவேகமானதோ என்றால் 200 என்று நான் வைத்திருந்த பதிப்பு சொன்னது. மூன்றாவது சக்கரம் மூக்கில் இல்லாமல் வாலில் இருக்கும் வால் சக்கர விமானமாக இருந்தால், அந்த வகையில் அண்மையில் செய்த டேக் ஆஃப், லேண்டிங் குறைந்தது 50. சட்டமல்ல, பரிந்துரைதான். 100-ஐ எப்போதோ தாண்டிவிட்டேன். அந்த 50-தான் யோசிக்க வைத்தது.

என்னுடையது ஆர்வி-7 என்கிற கிட் ரகம், வால் சக்கரம் வைத்தது. முன்சக்கர விமானம் தரையில் கொஞ்சம் கோணினாலும் தானாக நேராகப் பார்க்கும். இதில் எடை மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், திரும்ப ஆரம்பித்தால் திரும்பிக்கொண்டே போகும். திசை திருப்பும் ரட்டர் பெடலில் கால் தூங்கக் கூடாது. அதனால் வாடகை வால் சக்கர விமானத்தில் பயிற்றுநருடன் லேண்டிங், மறுபடி லேண்டிங். சரியான அலுப்பு.

அப்புறம் இன்னொருவரின் ஆர்வியில் பயிற்சி. அதிகம் உதவியது இதுதான். செஸ்னா பழக்கத்தில் ஸ்டிக்கை இழுத்தால் துள்ளுகிறது; த்ராட்டிலைத் திறந்து யோசிப்பதற்குள் தரையை விட்டிருக்கும். இது பழகாவிட்டால் முதல் நாளில் கவனமெல்லாம் ஓட்டுவதிலேயே போய்விடும், ஆயில் பிரஷரையும் சிலிண்டர் சூட்டையும் யார் பார்ப்பது? எஞ்சின் நின்றால் என்ன செய்வேன் என்று பார்க்க, பயிற்றுநர் பாதுகாப்பான உயரத்தில் சொல்லாமல் பவரைக் குறைப்பார். "மூக்கைத் தாழ்த்துங்க, வேகத்தை விடாதீங்க" என்பது மட்டும்தான் அவர் பேச்சு.

2014-லிருந்து எஃப்ஏஏ ஏற்பாட்டின்படி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முதற்கட்டச் சோதனையில் தகுதியுள்ள இன்னொரு பைலட்டும் உடன் வரலாம். அதே ரகம் வைத்திருக்கும் நண்பர் ஏறிக்கொண்டார். தனியாகத்தான் பறப்பேன் என்கிற வீம்பு எனக்கில்லை.

ரன்வேக்கு மேலேயே வட்டமடித்து உயர்ந்தோம். புது விமானத்தின் வேகமானியை நம்ப முடியாது. அதனால் மேலே வைத்தே வேகத்தை மெல்லக் குறைத்து, ஸ்டால் ஆகிற, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற, நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அதன் 1.3 மடங்கை இறங்கும் வேகமாக எடுத்துக்கொண்டேன். கிட் கையேட்டில் போட்டிருந்த எண்ணைவிட அது சற்று அதிகம்.