சரணமாக ஓடி வந்த இடம்: மருதமடு

இலங்கையின் வடக்கே, மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகிற ஏ14 வீதியில், செட்டிகுளத்தைக் கடந்து முருங்கனுக்கு முன்னால் மடுச்சந்தி வருகிறது. அங்கிருந்து வடக்கே காட்டுக்குள் சுமார் 12 கிலோமீற்றர் போனால் மருதமடு மாதா கோயில், சனம் சுருக்கமாக மடு என்று சொல்லும் கத்தோலிக்கத் திருத்தலம். ரயிலில் வருகிறவர்கள் ‘மடு வீதி’ நிலையத்தில் இறங்க வேண்டும். போரில் அழிந்த இந்தப் பாதை 2013இல் மடு வரைக்கும், 2015இல் தலைமன்னார் வரைக்கும் மறுபடி திறக்கப்பட்டது. திருநாள் இல்லாத நாளில் சந்தியில் இறங்கினால் ஓட்டோ பேசிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருக்கும். ஏறும்போதே திரும்பி வரும் நேரத்தையும் பேசிவிடுங்கள். பொழுது பட்ட பின் அந்தக் காட்டுப் பாதையில் நடந்து வரலாம் என்று நினைக்க வேண்டாம். யானை நடமாடும் இடம்.

மடுவுக்குப் பல காரணங்களோடு ஆட்கள் வருவார்கள். பிள்ளை வரம், பரீட்சை, வெளிநாட்டு விசா, குணமான நோய்க்கு நன்றி. இங்கே சொல்லப்போவது பயத்தைச் சுமந்து வருகிறவர்களுக்கு. இரவில் நெஞ்சு படபடத்து எழும்புகிறவர்கள், ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள், பழைய ஷெல் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகாதவர்கள். அவர்களுக்கு இந்தக் கோயில் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மடு மாதா தானே ஓடி வந்தவள்.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்க வழிபாடு தடைப்பட்டது, குருக்கள் விரட்டப்பட்டார்கள். 1670இல் மன்னாருக்குப் பக்கத்து மாந்தைக் கோயிலில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 20 குடும்பங்கள் கண்டி அரசனின் எல்லைக்குள் இருந்த மருதமடுக் காட்டுக்கு ஓடின என்பது வழிவழி வரலாறு. வீடு, வயல், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சொரூபத்தை மட்டும் விடாமல் வந்த சனம் அது. பாம்பும் காய்ச்சலும் நிறைந்த காட்டில் ஓலைக் கொட்டில் போட்டு அவளை வைத்தார்கள். இன்று நிற்கிற பெரிய கோயிலுக்கு 1872இல் ஆயர் பொஞ்ஜோன் அடிக்கல் வைத்தார். 1924 ஜூலை 2இல் சொரூபத்துக்கு முடிசூட்டு விழா நடந்தது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த வளவில் தறப்பாள் கட்டி வாழ்ந்தன. 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்கியபோது குருக்கள் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஓகஸ்டில் அவள் திரும்பி வந்தாள். ஆக, ஓட்டம் ஒருமுறையோடு முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1999 நவம்பர் 20 இரவு, அடைக்கலம் தேடிக் கோயிலுக்குள் படுத்திருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்து 40 பேரளவில் செத்தார்கள். ‘மடுவுக்குப் போனால் ஒன்றும் நடக்காது’ என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அது பொய்யான ஆறுதல். கத்தோலிக்க விசுவாசம் அப்படி உத்தரவாதம் எழுதித் தருவதில்லை. அதற்குப் பிறகும் சனம் இங்கே வருவதை விடவில்லை. வந்தவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் வேறு வகையானது: பயத்துக்குள் நாம் தனியாக இல்லை என்பது.

எப்போது போவது? பெரிய திருநாட்கள் இரண்டு, ஜூலை 2 ஆடித் திருநாளும் ஓகஸ்ட் 15 ஆவணித் திருநாளும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கொடியேற்றமும் ஒன்பது நாள் செபமான நவநாளும். முதல் நாள் மாலை வெஸ்பர் என்னும் மாலைச் செப ஆராதனை, அடுத்த நாள் காலை தமிழிலும் சிங்களத்திலும் திருப்பலி, பிறகு சொரூபப் பவனி. இலட்சக்கணக்கில் ஆட்கள். அழகான காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சனநெரிசலில் மூச்சு முட்டுகிறவர்கள், திடீர்ப் பதற்றம் வருகிறவர்கள் அந்த நாட்களில் போகவே கூடாது. பவனி நேரத்தில் நடுவில் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி கிடைக்காது. நன்றி சொல்லப் போகிறவர் திருநாளுக்குப் போகட்டும். பயத்தோடு போகிறவருக்கு நல்லது பெப்ரவரி, மார்ச் மாதத்தில் வேலைநாள் ஒன்று. நவம்பர், டிசம்பர் மழையில் அருவியாறு பெருகினால் மன்னார் வீதியே தடைப்படும். சிங்களவர் மல்வத்து ஓயா என்று சொல்வதும் அதே ஆறுதான்.

முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். காலையில் வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டு மத்தியானம் வாகனம் ஏறுகிறவர்களுக்கு அந்த இடத்தின் அமைதி பிடிபடுவதில்லை. தங்கும் விடுதிக்குக் கோயில் நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேச வேண்டும். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், ஆளுக்கு 3 லீற்றர் குறையாமல். வெயிலுக்கு அது காணும் என்றும் சொல்ல முடியாது. நுளம்புத்திரி, ரோச் லைற், மூடிய செருப்பு மூன்றும் கட்டாயம். குரங்குகள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் பையை வெளியே வைக்க வேண்டாம்.

கோயிலுக்குள் போனதும் பலர் செய்கிற பிழை, நேரே பீடத்துக்கு முன்னால் போய் வேண்டுதல்களை மளமளவென்று ஒப்புவிப்பது. பயந்த மனம் அப்படித்தான் அவசரப்படும். முதலில் பின்வாங்கில் பத்து நிமிடம் சும்மா இருங்கள். செபம்கூட வேண்டாம். மூச்சு அடங்கட்டும். பிறகு செபமாலையை எடுங்கள். ஒரு பத்து என்றால் பத்துத் தடவை ‘அருள் நிறைந்த மரியே’ செபம். ஐந்து பத்துகள், தொடக்கத்து மூன்றையும் சேர்த்தால் 53. நிதானமாகச் சொன்னால் 20 நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் முடிந்தால் வாய் ஓடியிருக்கிறது, மனம் வரவில்லை.

ஒவ்வொரு பத்திலும் இயேசு, மாதா வாழ்க்கையின் ஒரு நிகழ்ச்சியைத் தியானிப்பது வழக்கம், அதற்கு மறைபொருள் என்று பேர். எந்த மறைபொருள்? வழக்கப்படி துயர மறைபொருள்கள் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் உரியவை. ஆனால் தனியாகச் செபிக்கிறவர் எந்த நாளிலும் அவற்றை எடுக்கலாம், தடையில்லை. பயத்தோடு வந்தவர் துயர மறைபொருளின் முதலாவதிலேயே நின்றுவிடலாம்: பூங்காவனத்தில் இரத்த வேர்வை. இயேசு அங்கே திகிலடைந்தார், மனங்கலங்கினார் என்று நற்செய்தியில் மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி மூன்று தடவை கேட்டார். கூட வந்த சீடர் மூவரும் நித்திரை. பயப்படுவது விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களைக் குற்றப்படுத்தியிருந்தால், அந்த ஒரு பத்தை இரண்டு தடவை சொல்லுங்கள். ஐந்தையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை.

அடுத்தது நேர்த்தி. இங்கேதான் பயம் புதிய உருவம் எடுக்கிறது. ‘இது சரிவந்தால் வருசா வருசம் நடந்து வருவேன்’ என்று பதற்றத்தில் நேர்ந்துவிட்டு, பிறகு கால் ஏலாமல் போக, மாதா தண்டிப்பாளோ என்று நடுங்குகிறவர்கள் ஏராளம். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது நேர்த்தி வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்து நிறைவேற்ற முடியாமல் இருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விலக்களிக்கத் திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. முன்வைத்ததற்குச் சமமான வேறு நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. இதைத் தெரியாமலே முப்பது வருசம் பயந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய அநியாயம்.

மடு மண் பற்றி. பாம்புக்கடிக்கு இந்த மண் காவல் என்பது நூற்றாண்டு கடந்த நம்பிக்கை. சைவர்களும் பௌத்தர்களும்கூடக் கொண்டுபோவார்கள். ஒரு தேக்கரண்டியளவு மண், சின்னக் கடதாசிப் பொட்டலம், வீட்டு நிலையில் அல்லது படத்துக்குப் பின்னால். காட்டுக்குள் அடைக்கலம் தேடி வந்தவர்களின் முதல் பயமே பாம்புதான், அந்தப் பயத்தின் மிச்சம்தான் இந்தப் பொட்டலம். வைத்திருங்கள். ஆனால் கடித்தால் கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கால் கையை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி விரியனுக்கு நஞ்சு முறிவு மருந்துதான் மருந்து. மண்ணைப் பூசிக்கொண்டு காத்திருந்து உயிரை விடுவது மாதாவுக்குப் பிரியமான காரியம் அல்ல. பதற்ற நோய்க்கு எடுக்கிற மாத்திரைக்கும் இதே கணக்கு. யாத்திரை போகிறோம் என்று அதை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் காற்று வீசும். ஒரு திரியின் அடியை இன்னொன்றின் சுடரில் இளக்கி, தட்டில் ஊன்றி, ஐந்தாறு வினாடி பிடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். கையை முன்னதாக எடுத்தால் சரியும். அணைந்துபோனால் கெட்ட சகுனம் என்று முகம் கறுக்கிறவர்களைப் பார்க்கலாம். அது காற்று மட்டுந்தான். பக்கத்துத் திரியில் பற்றவைத்துவிட்டு வாருங்கள்.

இரவில், சனம் குறைந்த பிறகு கோயில் முற்றத்தில் யாராவது பழைய செபத்தைச் சொல்லக் கேட்கும். ‘சர்வேசுரனுடைய பரிசுத்த மாதாவே, இதோ உம்முடைய சரணமாக ஓடி வந்தோம்.’ அதன் கிரேக்க மூலம் எகிப்தில் கிடைத்த மிகப் பழைய பாப்பிரஸ் துண்டு ஒன்றிலேயே இருக்கிறது. ‘சகல ஆபத்துகளிலேயும் நின்று’ காத்துக்கொள்ளும்படி கேட்டு முடிகிற நாலு வரிச் செபம் அது. மனப்பாடம் இல்லாதவர்கள் எழுதி எடுத்துப் போங்கள். தனியாக நின்று சொல்கிறவரும் அதில் ‘ஓடி வந்தேன்’ என்று சொல்வதில்லை. ‘வந்தோம்’ என்றுதான் சொல்கிறார்.