மூன்று நாள் முரண்டுபிடித்த நட்டு
1996ஆம் ஆண்டுக் காரில் இ.ஜி.ஆர். குழாயைக் கழற்ற மூன்று நாள் ஆகிவிட்டது. புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் குழாய் அது. இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் அதன் நட்டு துருவோடு துருவாகிக் கிடந்தது. முதல் நாளே சாதாரண ஸ்பேனரைப் போட்டு முனைகளை மழுக்கிய மேதை வேறு யாருமல்ல, நானேதான்.

இரண்டு இரவு துரு இளக்கும் எண்ணெயில் ஊறியும் அசையவில்லை. எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, நட்டை விட்டுச் சுற்றியுள்ள இரும்பை கேஸ் டார்ச்சால் சூடாக்கினேன். சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியை வைத்தேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. பைப் ரெஞ்சால் கவ்வி, முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு, பிறகு கழற்றும் பக்கம். 'கிறீச்' என்றது! பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்கோ அது நாதஸ்வரம்.

பழைய நட்டு இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை.