மழை பேஞ்சாதான் பந்தாய் கெராச்சுட்

வெயில் காலத்துல மலேசியாவுல பினாங்கு தாமான் நெகாராவுக்குள்ள, அதான் தேசிய பூங்கா, நடந்து ஏரி இருக்குற பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு போய்ட்டு வந்தவங்க நெறைய பேரு, "எங்கப்பா ஏரி, வெறும் சேறுதானே கெடக்கு"ன்னு சொல்லுவாங்க. பொய்யில்ல, காஞ்ச மாசத்துல அங்க சேறும் புல்லும்தான். தண்ணிய பாக்கணும்னா மழைல போகணும், அதுக்காகவே நான், அக்கா, எங்க சித்தப்பா மூணு பேரும் அக்டோபர்ல கெளம்பினோம். ஆபீஸ்ல சொன்னப்போ, இந்த மழைல யாராச்சும் காட்டுக்கு போவாங்களான்னு ஒரு மாதிரி பாத்தாங்க.

அன்னிக்கி விடியறதுக்கு முன்னாடியே சுமத்ரா பக்கமிருந்து வந்த காத்து வீட்டு தகரத்தையெல்லாம் ஆட்டிருச்சு. "இடி நிக்கட்டும், மழை நிக்க வேணாம்"னு சித்தப்பா சொல்லிட்டு வாசல்லயே உக்காந்துட்டாரு. இடி ஓஞ்சதும் தெலுக் பஹாங் போய் ரொட்டி சானாய் சாப்ட்டு பசியாறி, நாசி லெமாக் தாப்பாவ் பண்ணிக்கிட்டு, அதான் பொட்டலமா கட்டி வாங்கிக்கிட்டு, பூங்கா கவுண்டருக்கு போனா, அங்க இருந்த பாங் (அண்ணன்) கடல் பக்கம் கைய காட்டி, இன்னிக்கி போட் ஓடாது, போறதும் வர்றதும் நடைதான், இருட்டுறதுக்குள்ள வெளிய வந்துரணும்னு சொல்லி பேரும் போன் நம்பரும் எழுத சொன்னாரு. பொதுவா எல்லாரும் ஒரு பக்கம் நடந்து போய்ட்டு மறுபக்கம் போட்ல வந்துருவாங்க, எங்களுக்கு அந்த சான்ஸ் இல்ல. சித்தப்பாவுக்கு அதுல உள்ளூர சந்தோசம்தான்.

கொஞ்ச தூரம் கடலோரமாவே சமமா போவுது. தொங்கு பாலத்துக்கிட்ட பாதை ரெண்டா பிரியும், வலது பக்கம் போனா மங்கி பீச், அதுக்கும் மேல 1883ல கட்டின முக்கா ஹெட் லைட்ஹவுஸ், இடது பக்கம் ஏறுனா கெராச்சுட். மொத்தமே மூணரை கிலோமீட்டர்கிட்டதான், காஞ்ச நாள்ல ஒன்றரை மணி நேரத்துல போய்ரலாம், ஆனா அன்னிக்கி படிக்கட்டு பூரா தண்ணி வழிஞ்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அக்கா நல்ல வெலை குடுத்து வாங்கின ஹைக்கிங் ஷூ போட்டுக்கிட்டு ஒவ்வொரு வேர்லயும் சர்ருன்னு வழுக்குறா, சித்தப்பா கம்பொங் அடிடாஸ் ரப்பர் ஷூவ மாட்டிக்கிட்டு, அடியில முள்ளு முள்ளா இருக்குமே அதேதான், கைய பின்னாடி கட்டிக்கிட்டு கோயில் சுத்துற மாதிரி போறாரு. மழைல வேர் மேல கால் வைக்காத, வேருக்கும் வேருக்கும் நடுவுல மண்ணுல வையின்னு அவரு சொல்லிக்கிட்டே வந்தது எறங்குறப்போதான் ரொம்ப ஒதவிச்சு, ஏன்னா அந்த பக்கம் செம்மண்ணு, பிடிக்கிறதுக்கு பெர்த்தாம் பனை ஓலைய தவிர ஒண்ணுமில்ல, அதுலயும் முள்ளு.

அப்புறம் திடீர்னு மரம் விலகி ஒரு பாலம், கீழ ஏரி!

கோப்பி ஓ, அதான் பால் இல்லாத காப்பி, அந்த கலர்ல தண்ணி, மேல பூரா மழைத்துளி குத்திக்கிட்டு இருக்கு. பாக்க ஒரே தண்ணியா தெரியுது ஆனா ரெண்டு தண்ணி. மலைலேர்ந்து வர்ற நல்ல தண்ணி லேசு, அது மேல நிக்கும், கடல்லேர்ந்து உள்ள வர்ற உப்புத்தண்ணி கனம், அது அடியில தங்கிரும், ரெண்டும் கலக்காது. நாங்க போனப்போ ஏரி ரொம்பி மணல் திட்ட ஒடச்சிக்கிட்டு கடலுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. கரையில நின்னு பாத்தா மணல் பாளம் பாளமா, மொதல்ல ஒரு கீறல் விழும், அப்புறம் அந்த துண்டு அப்படியே சாஞ்சு தண்ணிக்குள்ள போய்ரும், பின்னாடியே அடுத்த கீறல். கொஞ்சம் தள்ளி கடல்ல பழுப்பும் பச்சையும் கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு கெடக்கு. வெயில் நாள்ல வர்றவங்களுக்கு இது கெடைக்கவே கெடைக்காது, மழைன்னு கேன்சல் பண்றவங்கள நெனச்சா எனக்கு பாவமாதான் இருக்கு.

பக்கத்துலயே ஆமை சென்டர், தொட்டியில குட்டி ஆமைங்க நீந்திக்கிட்டு இருந்துச்சு. இங்க பச்சை ஆமையும் வருது, ஒலிவ் ரிட்லியும் வருது. ஆமை முட்டைல ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது மணலோட சூடுதான், சூடு கூடினா பொண்ணு, கொறஞ்சா ஆணு. இத கேட்டதும் அக்கா, அப்போ இந்த மழைக்கு எல்லாம் பையனுங்கதான்னா. சித்தப்பாவுக்கு மூணும் பொண்ணு, அவரு ஒண்ணும் பேசல.

பொண்டோக்ல (சின்ன கொட்டகை) ஒதுங்கி சாப்ட்டோம். கொரங்குங்க நனைஞ்சு போய் சண்டை போடக்கூட தெம்பில்லாம உக்காந்திருந்துச்சுங்க, அதுக்காக நம்பிறாதீங்க, எங்க சம்பால் பொட்டலம் ஒண்ணு போச்சு. அப்புறம் அடுத்த மலைய தாண்டி தெலுக் கம்பி வரைக்கும் போனோம். நீளமான பீச், ஆளே இல்ல, அலை சத்தத்துல பேசறது கேக்கல, கொஞ்ச நேரத்துலயே திரும்பிட்டோம். திரும்பி வர்றப்போதான் கால் பேச ஆரம்பிச்சது, கெராச்சுட் பக்கம் ஏறுற அந்த ஏத்தத்துல மூணு பேரும் வாயே தெறக்கல. வெளிய வந்தப்போ கவுண்டர்ல லைட் போட்டிருந்தாங்க.

போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன். இடி இருந்தா போகாதீங்க, வெறும் மழைன்னா பயப்படாதீங்க. கெராச்சுட்ல கடல்ல எறங்காதீங்க, ஜெல்லிஃபிஷ் இருக்கு. காஞ்ச சட்டை ஒண்ணு பிளாஸ்டிக்ல சுத்தி பையில போட்டுக்கங்க, திரும்பி வர்ற 101 பஸ்ல ஏர்கோன் அப்படி அடிக்கும், நனைஞ்சிருக்கோமேன்னு யாரும் கொறைக்க மாட்டாங்க.