இந்த மடை எந்தக் கண்மாயுடையது? கியூஜிஐஎஸ்ஸில் ஐந்து வாரம் தேடிய கதை

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரும் நானும் மதுரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கண்மாய்களைச் சுற்றி வருகிறோம். மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வாய்) கண்ணில் பட்டால் ஒரு படம், கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் அமைப்பு) கண்ணில் பட்டால் ஒரு படம், கூடவே செல்போனில் இடக்குறிப்பு. இப்படிச் சேர்ந்தவை 64 புள்ளிகள்: 46 மடைகள், 18 கலுங்குகள். பாதிக்கு மேல் எந்தக் கண்மாய் என்று நோட்டில் எழுதவில்லை. கரையில் நிற்கும்போது மறக்கவே மறக்காது என்று தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாக் கரையும் ஒன்றுபோல இருக்கிறது.

கண்மாய்களின் எல்லைகள் என்னிடம் பலகோணங்களாக இருந்தன. சில ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்திலிருந்து எடுத்தவை, மற்றவை செயற்கைக்கோள் படத்தின்மேல் நானே வரைந்தவை. ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பலகோணத்தைச் சேர்ந்தது என்று கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன்.

முதல் வாரம் புள்ளிகளை ஏற்றுவதிலேயே போனது. இடக்குறிப்புக் கோப்பில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. கியூஜிஐஎஸ் முதலில் கேட்பது எக்ஸ், அதாவது தீர்க்கரேகை. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். 9.9, 78.1 என்ற மதுரைப் புள்ளிகள் எல்லாம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் நின்றன. புள்ளிகளே காணோம் என்று தேடுபவர்கள் முதலில் வடதுருவப் பக்கம் பாருங்கள்.

அடுத்தது அளவைமுறை, அதாவது இடங்களைப் பாகையில் குறிப்பதா மீட்டரில் குறிப்பதா என்பது. புள்ளிகள் பாகையில் இருந்தன. மடையைச் சுற்றி 50 மீட்டர் வட்டம் போட்டுப் பார்க்கலாம் என்று பஃபர் என்ற கருவியில் 50 என்று கொடுத்தேன். இந்தியப் பெருங்கடலையும் பாதி ஆசியாவையும் மூடிக்கொண்டு ஒரு பெரிய வட்டம் வந்தது. 50 பாகை என்றால் ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர். எண் போடும் பெட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நம் ஊர் அட்சரேகையில் 50 மீட்டர் என்பது 0.00045 பாகை. அந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வேலை செய்வதைவிட, லேயரையே (புள்ளிகள் இருக்கும் அடுக்கையே) மீட்டர் அளவைமுறைக்கு மாற்றிவிடுவது நல்லது.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. யூடிஎம் என்பது உலகத்தை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை. அதன் மண்டலங்கள் 43-ம் 44-ம் பிரியும் 78-வது பாகைக் கோடு மதுரை மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. மதுரை நகரம் 44-ல், உசிலம்பட்டி 43-ல். நான் எல்லாவற்றையும் 44-லேயே வைத்துக்கொண்டேன். உசிலம்பட்டிப் பக்கம் போனால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சொச்சம் பிசகும். 20 மீட்டருக்குள் தேடுகிறவனுக்கு அது ஓரிரு சென்டிமீட்டர்தான். மாநிலம் முழுக்க வேலை செய்பவர்கள் தமிழ்நாட்டுக்கென்றே இருக்கும் 7785 என்ற ஈபிஎஸ்ஜி எண்ணை (அளவைமுறையைக் குறிக்கும் எண்) பயன்படுத்தலாம். முக்கியமான விஷயம்: திரையின் கீழ் மூலையில் அளவைமுறையை மாற்றுவது படம் தெரியும் விதத்தை மட்டுமே மாற்றும். லேயரை மறுவீழ்த்தல் செய்து, அதாவது அதன் எண்களையே புதிய அளவைமுறைக்கு மாற்றி, புதிதாகச் சேமித்தால்தான் தூரக் கணக்கு மீட்டரில் நடக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு ஞாயிறு ஆனது.

சரி, கேள்விக்கு வருகிறேன். சுட்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஐடென்டிஃபை கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டிப் பார்ப்பதுதான் எளிய வழி. மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தில் சுட்டிப் பழகினேன். தண்ணீர்ப் பரப்பில் சுட்டினால் பெயர் வருகிறது; நடுவில் இருக்கும் மைய மண்டபத்தில் சுட்டினால் ஒன்றும் வரவில்லை. அது தவறு இல்லை. மண்டபத்தின் திட்டை நான் ஓட்டையாக வெட்டி வரைந்திருந்தேன், ஆகவே அந்த இடம் குளத்துக்குள் சேராது. கோடுகளிலும் புள்ளிகளிலும் வேறொரு சங்கதி. சுட்டிய இடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் தேடுவது என்பதை கியூஜிஐஎஸ் திரையில் மில்லிமீட்டராக வைத்திருக்கிறது, வழக்கமாக 2 மில்லிமீட்டர். 1:5,000 அளவில் அது தரையில் 10 மீட்டர். 1:50,000 அளவில் 100 மீட்டர். கோடாக வரைந்த ஒரே வரத்துக்காலை (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை) தூரத்திலிருந்து சுட்டினால் பதில் வந்து, கிட்டே போய்ச் சுட்டினால் வராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

64 புள்ளிகளையும் கையால் சுட்ட வேண்டாம் என்று மூன்றாம் வாரம், இருக்கும் இடத்தை வைத்து மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் பை லொகேஷன் கருவிக்குப் போனேன். கண்மாய்க்கு 'உள்ளே' இருக்கும் புள்ளிகளைத் தேர்ந்தெடு என்று கொடுத்தேன். வந்தவை 9.

மீதி 55 எங்கே போயின என்று வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. மடை கண்மாய்க்குள் இருப்பதில்லை, கரையில் இருக்கிறது. கலுங்கும் அப்படியே. நான் வரைந்தது தண்ணீர் விளிம்பை. கரைமேல் நின்று குறித்த புள்ளி அந்த விளிம்புக்கு வெளியே பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளித்தான் விழும். அதோடு செல்போன் இடக்குறிப்பு வெட்ட வெளியிலேயே 5 மீட்டர் வரை விலகும், கருவேல மரங்களுக்கு நடுவில் இன்னும் அதிகம். இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். சில கண்மாய்களை கோடைக்காலப் படத்தின்மேல் வரைந்திருக்கிறேன். தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடக்க, மடை இருநூறு மீட்டர் தள்ளிக் காய்ந்த மண்ணில் நிற்கிறது. அவற்றை எல்லாம் கரையின் உட்சரிவை ஒட்டித் திரும்ப வரைந்தேன். எதிர்ப்பக்கம், அதாவது தண்ணீர் வந்து சேரும் பக்கம், உள்வாய் எங்கே முடிகிறது என்று எந்தப் படத்தைப் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே கோடு சும்மா ஒரு மதிப்பீடுதான்.

ஆக, 'எதற்குள்' என்று கேட்பதை விட்டுவிட்டு 'எதற்குப் பக்கத்தில்' என்று கேட்டேன். ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை நியரஸ்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகில் உள்ள பலகோணத்தின் விவரத்தை ஒட்டி, இடையே உள்ள தூரத்தையும் ஒரு பத்தியில் எழுதிக் கொடுக்கும். தூர வரம்பு 25 மீட்டர் வைத்தேன். 51 புள்ளிகளுக்குப் பதில் வந்தது. மகிழ்ச்சியாக நண்பருக்கு அனுப்பினேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆறு கலுங்குகளைத் தப்பு என்றார்.

அவர் சொன்னது சரி. கண்மாய்கள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருக்கின்றன. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். நெருக்கமாக அமைந்த இடங்களில் மேல் கண்மாயின் கலுங்குக்குப் பின்னாலேயே கீழ்க் கண்மாயின் உள்வாய் தொடங்கிவிடுகிறது. இரண்டு பலகோணங்களுக்கும் நடுவில் புள்ளி. நான் மதிப்பீடாகப் போட்ட கோடு நாலு மீட்டர் முன்னே வந்தால் போதும், பதில் மாறிவிடும்.

அந்த ஞாயிறு அப்படிப்பட்ட ஒரு கலுங்குக்கே திரும்பப் போனோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இந்தக் கலுங்கு எந்தக் கண்மாயுடையது?" என்று கேட்டேன்.

"தண்ணி போறது கீழ்க் கண்மாய்க்கு தம்பி. ஆனா கலுங்கு மேக் கண்மாயோடது. கரை யாருதோ அவங்களுதுதானே கலுங்கு."

கரை யாருடையதோ! வீடு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கண்மாய்க்கு நாலு பக்கமும் கரை கிடையாது. சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும்தான் கரை. மேல்பக்கம் திறந்தே இருக்கும், தண்ணீர் வர வேண்டுமே. அப்படியானால் இரண்டு கண்மாய்களுக்கு நடுவில் இருக்கும் கரை ஒன்றே ஒன்றுதான், அது மேல் கண்மாயுடையது. நான் கேட்க வேண்டியது தண்ணீர்ப் பலகோணத்தை அல்ல, கரையை.

நான்காம் வாரம் முழுக்கக் கரைகளை மட்டும் தனி லேயரில் கோடுகளாக வரைந்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் கண்மாய்ப் பெயர். வரைய வரைய அழகாக இருந்தது. பெரும்பாலானவை பிறை வடிவம், ஒரே பக்கம் பார்த்து வளைந்தவை. பிறகு அதே கருவி, தூர வரம்பு 15 மீட்டர். 61 புள்ளிகளுக்குப் பதில் வந்தது. அந்த ஆறு கலுங்குகளும் சரியான கண்மாயில் போய் உட்கார்ந்தன. மடையை அந்த 15 மீட்டருக்குள் ஏன் தேடினேன் என்றால், கரையின் நடுக்கோட்டிலிருந்து மடையின் முகப்பு வரை ஒரு சில இடங்களில் அடி வைத்து அளந்து பார்த்திருந்தேன். செல்போனின் பிழையையும் சேர்த்தால் 15 போதும். இந்த எண்ணை வேறு ஊர்க்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கரையை அளந்து பாருங்கள்.

சரிபார்ப்பதற்காக கிராஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளிலும் ஒருமுறை ஓட்டினேன். அங்கே வி.வாட் என்ற கட்டளைக்கு ஓர் இடக்குறிப்பையும் தூர வரம்பையும் கொடுத்தால் அந்த இடத்தில் இருப்பதைச் சொல்லும். ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு அதுவே போதும். மொத்தமாகக் கேட்க வி.டிஸ்டன்ஸ் என்ற கட்டளை. கரைப் பெயர்கள் கியூஜிஐஎஸ் தந்தவையோடு ஒத்துப்போயின. அதோடு வி.டிஸ்டன்ஸ் இன்னொன்றையும் தருகிறது: கோட்டின் தொடக்கத்திலிருந்து அந்தப் புள்ளி கோட்டின் வழியே எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பது. அதாவது கரைமேல் நடந்தால் முதல் மடை எங்கே, இரண்டாவது எங்கே, கலுங்கு எங்கே என்ற வரிசை அப்படியே கிடைக்கிறது. நான் கேட்க நினைக்காத கேள்விக்கு இப்படி ஒரு பதில். எல்லாக் கரைகளையும் ஒரே திசையில் வரைந்திருந்தால் வரிசை நேராக வரும். நான் சிலவற்றைத் தலைகீழாக வரைந்திருந்தேன், அவற்றைத் திருப்பிவிட்டேன்.

எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் கோப்பில் சேமித்திருக்கிறேன். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையில் பத்தியின் பெயருக்குப் பத்து எழுத்து இடம்தான், தமிழில் எழுதினால் அதுவும் குறைகிறது.

மூன்று புள்ளிகள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று கரையே வரையாத ஒரு சிறு ஊருணி. இன்னொன்று அடர்ந்த மரநிழலில் குறித்தது, 31 மீட்டர் தள்ளி நிற்கிறது. படத்தைப் பார்த்தே எந்தக் கரை என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது ஒரு மடை; அதற்கு மிக அருகில் இருக்கும் கரையே 140 மீட்டர் தள்ளி இருக்கிறது. படத்தில் நன்றாகத் தெரிகிறது: கல் கட்டுமானம், பக்கத்தில் ஒரு வேப்பமரம், பின்னால் தார்ச்சாலை. அந்தச் சாலைதான் பழைய கரையோ என்று சந்தேகமாக இருக்கிறது. வரும் ஞாயிறு அங்கே போகிறோம்.