அட்டமிக்குப் பின் வரும் தண்ணீர்

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வராந்தாவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். மேலே பாலிகார்பனேட் கூரை, அதற்குக் கீழே பவளமும் மீனும் வளர்க்கும் எட்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. வெயில் கூரை வழியே நேராக இறங்கி, நீரின் அலைச்சலில் உடைந்து, அடியில் இருக்கும் மணலில் வெள்ளைக் கோடுகளாக ஓடும். ஒரு கோடு இன்னொன்றோடு சேரும், பிரியும், ஒரு கணம் கண்ணி கண்ணியாக நிற்கும், மறுபடி கலையும். என் அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். "அஞ்சு பாகத்துல பார் மேல நிக்கும்போது பாத்தா, வெயிலு வலை போட்ட மாதிரி கிடக்கும்மா" என்பார். பாகம் என்றால் ஆறடி ஆழம், பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. நான் சின்ன வயதில் கேட்டது. ஐம்பத்தெட்டு வயதில், மும்பை செம்பூரில் ஒரு தரைத்தள வீட்டில், அதைத் தினமும் பார்க்கிறேன்.

தொட்டியில் சுமார் 1,200 லிட்டர் கடல்நீர் இருக்கிறது. கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் கூடுதல், 1.025 கிலோ. கண்ணாடி, பாறை, இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். மாடி வீடாக இருந்தால் இந்த ஆசையை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருப்பேன்.

உப்புப் பொடி வாங்கிக் கரைத்தால் போதுமே, ஏன் கடலிலிருந்து எடுத்துவருகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொடியும் நல்ல பொருள்தான். ஆனால் நல்ல கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், 1,300 மில்லிகிராமை ஒட்டி மெக்னீசியம், எல்லாம் அதனதன் அளவில் தானாகவே இருக்கிறது. அதைவிட, அது உயிரோடு வருகிறது. அந்த உயிர்தான் முதல் வருடம் என்னை அழவைத்தது.

அது டிசம்பர் மாதம். மும்பைக்குத் தெற்கே இருக்கும் முருட் பக்கத்திலிருந்து கேன்களில் கொண்டுவந்த தண்ணீரை இருட்டான பின்புற அறையில் வைத்திருந்தேன். இரவு கதவைத் திறக்கும்போது கால் ஒரு கேனில் பட்டது. உள்ளே நீல நிறத்தில் பளிச்சென்று மின்னியது. இன்னொன்றை ஆட்டினேன், அதுவும் மின்னியது. நாக்டிலூகா என்ற கண்ணுக்கு அரிதாகத் தெரியும் உயிர் அது. குளிர்காலத்தில் அரபிக்கடலில் பெருகும். ஜூகூ கரையில்கூட அலை நீலமாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மின்னல் நின்றுவிட்டது. எனக்கு அப்போது விஷயம் தெரியாது. தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று இருநூறு லிட்டரைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். நாக்டிலூகா தன் உடம்புக்குள்ளேயே அம்மோனியாவைச் சேர்த்து வைத்திருக்கும். அது செத்தால் அத்தனையும் நீருக்குள்தான். மறுநாள் காலையில் தோல் பவளம் சுருங்கிக் கைமுஷ்டி மாதிரி கிடந்தது. இரண்டு மீன்கள் போய்விட்டன.

இப்போது எடுத்துவரும் தண்ணீர் இருட்டில், மூடிய கறுப்புத் தொட்டியில், காற்று விட்டபடி குறைந்தது ஒரு மாதம் இருக்கும். உள்ளே இருப்பவை செத்து, அழுகி, அதைத் தின்னும் பாக்டீரியா வேலையை முடித்து, வண்டல் அடியில் படியவேண்டும். அம்மோனியாவைச் சோதித்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் துணிப்பையில் வடிகட்டி எடுப்பேன்.

தண்ணீரை எப்போது எடுப்பது என்பது தனிப் பாடம். மும்பை ஓரத்தில் கழிமுகச் சேறும் சாக்கடையும் கலக்கின்றன, அங்கே எடுக்கவே மாட்டேன். முருடில் கோளி மீனவர் ஒருவர் படகில் சில கிலோமீட்டர் உள்ளே கூட்டிப்போகிறார். முதல் தடவை பௌர்ணமிக்கு மறுநாள் போய் நின்றேன். அவர் சிரித்தார். "மாவ்ஷி, இப்ப உதான். பாங் வரட்டும், வா" என்றார். உதான் என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம். அப்போது நீர் வேகமாக ஓடி அடிச்சேற்றைக் கிளப்பும். பாங் என்பது அட்டமி கழிந்து ஓரிரு நாளில் வரும் சின்ன ஏற்றம். ஓட்டம் அடங்கி நீர் தெளியும். எங்கள் ஊரிலும் கலங்கல், தெளிவு என்று இதே கணக்கில்தான் சங்குக்குப் போவார்கள். தம்பியிடம் போனில் சொன்னபோது, "அக்கா, அப்பா இதைத்தானே சொல்லிட்டு இருந்தாரு" என்றான். அதனால் அட்டமிக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஏற்றம் முழுசாக ஏறி நிற்கும் நேரத்தில் எடுக்கிறோம். வெளிக்கடல் நீர் அப்போதுதான் உள்ளே வந்திருக்கும்.

கரையிலிருந்து வீட்டுக்குக் குட்டி யானை வண்டிதான். அது தாங்குவது ஏறக்குறைய 750 கிலோ. அதனால் 35 லிட்டர் கேன் இருபது, அதற்கு மேல் ஏற்றுவதில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, படகு கிடையாது. அப்புறமும் ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் நீர்த்துப்போயிருக்கும். ஒரு அக்டோபரில் ஆசைப்பட்டுக் கரையோரத்தில் ஒரு குவளை எடுத்து அளந்தேன், ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கவேண்டிய உப்பு 29 காட்டியது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் மூன்று நடை போய் மழைக்காலத்துக்கும் சேர்த்துப் பிடித்துவைத்துவிடுகிறேன்.

வெயிலுக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் உண்டு. மே நடுவிலும் ஜூலைக் கடைசியிலும் மும்பையில் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும், நிழலே விழாத நாட்கள் அவை. ஜூலையில் மேகம் மறைத்துவிடும். மே வெயில்தான் கொடியது. கூரைக்கு மேல் ஐம்பது சதவீத நிழல் வலை கட்டாவிட்டால் பவளம் வெளுக்கும். அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிதான் வெயிலைச் சாப்பாடாக்கிக் கொடுக்கிறது. சூடு மிஞ்சினால் பவளம் அந்தப் பாசியை இழந்துவிடும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுதான். நீர் மேல் மின்விசிறி வைத்தால் ஆவியாகிக் குளிரும் என்பார்கள். பெங்களூருவில் சரி. இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது, அரை டிகிரிகூட இறங்கவில்லை. மார்ச் முதல் ஜூன் வரை நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறது. 27 டிகிரிக்கு மேல் நான் விடுவதில்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே வராது, அப்போது எல்.இ.டி. விளக்கு. டிசம்பரில் வெயில் தெற்கே சாய்ந்து முன்கண்ணாடி வழியாக வரும். தொட்டியில் நான் மிகவும் விரும்பும் காலம் அது. இடதுபக்கம் இருக்கும் பொத்தான் பவளங்கள் எல்லாம் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். (அவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். அவற்றின் விஷம் ஆளைக் கொல்லக்கூடியது.)

என் தொட்டியில் கல் பவளம் ஒன்றுகூட இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் அவை அனைத்தையும் சேர்த்தார்கள், புலி இருக்கும் அதே அட்டவணை. ஒரு கடையில் துணி போட்டு மூடிய தொட்டியைத் திறந்து காட்டி, "உங்களுக்காக மேடம்" என்றார்கள். அந்தக் கடைக்கு அப்புறம் நான் போகவில்லை. எங்கள் ஊரில் பவளக் கல்லை வெட்டிப் படகில் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்ட காலத்தை அப்பா சொல்லியிருக்கிறார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. கல் வெட்டியதையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அந்த ஊர்ப் பெண் பவளக் கல்லைக் காசு கொடுத்து வாங்கமாட்டாள்.

பாறைகளையும் நானே செய்தேன். சிமெண்ட், சிப்பித் தூள், தம்பி அனுப்பிய தூத்துக்குடிக் கல் உப்பு மூன்றையும் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து வார்த்தேன். காய்ந்த பின் நன்னீரில் போட்டால் உப்பு கரைந்து துளைகள் விழும். காரம் இறங்க இரண்டு மாதம் நீர் மாற்றினேன். இப்போது அதன்மேல் கருஞ்சிவப்புப் பாசி ஏறி, கல் எது, சிமெண்ட் எது என்று எனக்கே மறந்துவிட்டது. மற்றபடி தோல் பவளம், காளான் பவளம், எல்லாம் இங்கே தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் வெட்டிக் கொடுத்த துண்டுகள். கோமாளி மீன் ஜோடி பொரிப்பகத்தில் பிறந்தது.

2020இல் கடற்கரைச் சாலைக்காக ஹாஜி அலி, வொர்லி பாறைகளிலிருந்து பவளங்களைப் பெயர்த்து வேறிடத்தில் ஒட்டினார்கள். அதற்கு முன் அவ்வளவு கலங்கலில் அவை உயிரோடு இருந்தது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஹாஜி அலியைக் கடக்கும்போதெல்லாம் டாக்சி ஜன்னலில் முகத்தை வைத்து, நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை அட்டமி. இருபது கேனையும் கழுவி முற்றத்தில் கவிழ்த்திருக்கிறேன். முருடிலிருந்து நேற்று போன் வந்தது, சனிக்கிழமை காலையில் ஏற்றம் நிற்குமாம்.