குன்னூர்க் குழாய்த் தண்ணீரும் எங்கள் தங்கமீன்களும்

குன்னூரில் எங்கள் வீட்டுத் தொட்டியில் இப்போது நான்கு தங்கமீன்கள் இருக்கின்றன. மலைக்குளிர் அவற்றுக்கு ஒத்துக்கொள்வதால் ஹீட்டர் தேவைப்படவில்லை. சென்ற மழைக்காலத்தில், பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக இருந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியதில் இரண்டு மீன்களை இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பவுடரிலிருந்து தண்ணீரில் கலக்கும் குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்குவதோடு, வடிகட்டியில் தங்கி, மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை மாற்றித்தரும் நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடுகிறது என்பதை அதன் பிறகே படித்தறிந்தேன்.

குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கக் கடைகளில் கிடைக்கும் கண்டிஷனர் மருந்துகள் பலவற்றின் அடிப்படைப் பொருள் சோடியம் தயோசல்பேட். அது குளோரினை மிக விரைவாகத் தீங்கற்ற குளோரைடாக மாற்றுகிறது. ஆனால் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்திருந்தால், குளோரின் நீங்கிய பின்னும் அம்மோனியா எஞ்சி நிற்கும் என்பதால், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் என்று புட்டியில் தெளிவாக எழுதப்பட்டிருப்பதையே வாங்க வேண்டும். சோற்றுக்கற்றாழை சேர்த்தது என்பதற்காக நான் கூடுதல் விலை கொடுப்பதில்லை.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். புதுத் தண்ணீரை வாளியிலேயே கலந்தால் வாளியின் அளவுக்கு மருந்து போதும். நேரடியாகத் தொட்டிக்குள் விடுவதானால், 20 லிட்டர் மட்டுமே மாற்றினாலும் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு முதலில் மருந்தை ஊற்றிவிட்டே தண்ணீரை விட வேண்டும்.